ஏழாம் நம்பர் சுவர்

பலராமன் எத்தனையோ திருட்டைப் பார்த்தவன். கோழி, சைக்கிள், கல்யாண வீட்டுச் செருப்பு, ஒரு தடவை பஞ்சாயத்து ரேடியோகூட. ஆனால் காலங்கார்த்தாலே ஒரு ஆள் மூச்சிரைக்க மாடியேறி வந்து, "சார், என் சுவத்தைத் திருடிக்கினு பூட்டாங்க சார்!" என்று அழுததை அவன் அன்றுதான் பார்த்தான்.

"சுவத்துல மாட்டியிருந்த எதை?"

"மாட்டியிருந்ததை இல்ல சார். சுவத்தை. மொத்தமா. நேத்து சாயங்காலம் நின்னுக்கினு இருந்துச்சு, இன்னிக்கு வெறுந்தரை கீது."

பலராமன் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தான். "மேடம், ஒருத்தர் சுவரைத் தொலைச்சுட்டு வந்திருக்காரு. கூரை பத்திரமா இருக்கானு கேட்டுச் சொல்லட்டுமா?"

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, லாட்ஜ் மாடியில் இருந்தது அன்னபுஷ்பம் துப்பறியும் நிலையம். அன்னபுஷ்பம் பெண் போலீஸில் சில வருஷம் இருந்தவள். திருடனைப் பிடிக்கும் நேரத்தைவிட மேலதிகாரிக்கு சல்யூட் அடிக்கும் நேரம் அதிகமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டவள். யோசிக்கும்போது வாயில் ஒரு கமர்கட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூளை ஸ்டார்ட் ஆகாது. பலராமன் அவளுடைய உதவியாளன், டிரைவர், கமர்கட் வாங்கி வருபவன், எல்லாம்.

"உட்காரச் சொல்லு" என்றாள் அன்னபுஷ்பம், கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்க.

வந்தவன் பெயர் தசரதன். வடக்குப்பட்டு கொத்தனார். அது 1982. ஊரில் பாதிப் பேர் மஸ்கட் போக ஆசைப்பட்டார்கள், மீதிப் பேர் துபாய்க்கு. தசரதன் மஸ்கட் கட்சி.

"ஸ்கில்டு விசா மேடம். ரெண்டு வருஷம் அங்கியே தங்குற பர்மிட்டோட. பாஸ்போர்ட்டு ரெடி, மெடிக்கல் ரெடி. இந்த டெஸ்ட்டு மட்டும்தான் பாக்கி. எங்க வூட்டு மாமா ஒருத்தரு சொல்லித்தான் வந்தேன். பழைய ரைஸ் மில்லு கீதே, அங்க. ஆளுக்கு ஒரு மூலைச் சுவரு, இடுப்பு உசரம். கம்பெனி ஆபீசரு மஸ்கட்லேருந்து வந்து ரசமட்டம் வெச்சுப் பாப்பாரு. நேத்து ஆறு சுவரு பாக்கறதுக்குள்ள இருட்டிப் போச்சு. மிச்சத்தை இன்னிக்குக் காலைல பாக்கறேன்னு பூட்டாரு. என்து ஏழு."

"இப்ப ஏழைக் காணோம்."

"ஆமா மேடம். ஆபீசரு இன்னா சொல்றாருன்னா, நான் கோணலா கட்டிட்டு, மாட்டிக்குவேன்னு பயந்து நானே ராவுல இடிச்சுட்டேனாம். புதுசா கட்டிக் காட்டறேன்னேன். நேத்தோட டெஸ்ட்டு முடிஞ்சுது, கட்டின சுவரைக் காட்டு, இல்லேன்னா ஃபெயிலுன்றாரு. மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்பால அவரு மீனம்பாக்கம் கெளம்பிடுவாரு. அவரு ப்ளேன் ஏறிட்டாருன்னா என் விசாவும் ஏறிப் பூடும்."

அன்னபுஷ்பம் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை ஈரம் காயாத சேறு. நகக்கண்ணில் கொஞ்சம் கரி.

"சுவர் கட்டினது நேத்து. கையில சேறு மட்டும் இன்னிக்கு எப்படி?"

"வூட்ல விருந்து மேடம். காலைலேருந்து அந்த வேலை." தசரதன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் மஸ்கட் போறதுக்கு எங்க அத்தை வெக்கிற விருந்து. போன வாரமே ஊரை அழைச்சுட்டாங்க. முந்நூறு பேரு."

பலராமனுக்கு இருமல் வந்துவிட்டது. "விசா வரதுக்கு முன்னாடி விருந்தா? எங்க சித்தப்பாவுக்குப் பொண்ணு பாக்கறதுக்கு முன்னாடி மண்டபம் புடிச்சாங்க. இன்னும் மண்டபத்துலதான் தேடிக்கிட்டிருக்காரு."

"இன்னா சார் பண்றது? நேத்து மில்லு கேட்டைத் தாண்டினதுலேருந்து பாக்கறவன்லாம் கேக்கறான், பாஸா பாஸான்னு. வாய் தவறி பாஸுன்னுட்டேன். அப்பறம் வூடு வரைக்கும் கேட்டவங்களுக்கெல்லாம் அதே பதிலு. வாசல்ல அத்தை நின்னுக்கினு இருந்தாங்க. அவங்க மூஞ்சியைப் பாத்து எப்பிடி சார் மாத்திச் சொல்றது?" தசரதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இப்ப ஃபெயிலுன்னு போய் நின்னா, முந்நூறு பேரும் எலையில கைய வெச்சிக்கினு என்னைப் பாப்பாங்க சார்."

ஃபெயிலாவதைப் பலராமன் பல தடவை அனுபவித்தவன். ஆனால் ஒரு தடவைகூடப் பந்தி போட்டு ஃபெயிலானதில்லை.

"வண்டியை எடு" என்றாள் அன்னபுஷ்பம்.

மூடிப்போன ரைஸ் மில்லின் களத்தில் மூலைச் சுவர்கள் வரிசையாக நின்றன. வீடு கட்ட வந்தவர்கள் மூலையை மட்டும் கட்டிவிட்டு ஊரைவிட்டு ஓடியதுபோல இருந்தது. ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே பல் விழுந்த இடம்போல ஒரு காலி.

நிழலில் நாற்காலி போட்டு மஸ்கட் அதிகாரி ஹபீப் உட்கார்ந்திருந்தார். கையில் வாழைப்பழம். மூன்று நாளைக்கு முன்பு வந்திறங்கியதும் ஹோட்டல் குழம்பில் விரலை நனைத்துவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் குடித்தவர், அன்றிலிருந்து ரொட்டியும் பழமுமாகக் காலம் தள்ளுகிறாராம். பக்கத்தில் சஃபாரி சூட்டில் ஏஜெண்ட் கோதண்டராமன், தான்தான் மஸ்கட்டுக்கே சொந்தக்காரர் என்பதுபோல நின்றுகொண்டிருந்தார்.

ஹபீப் வெகுநேரம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். கோதண்டராமன் அதைத் தமிழ்ப்படுத்தினார். "முடியாதுன்றாரு."

"அவ்வளவு நேரமா அதையா சொன்னாரு?" என்றான் பலராமன்.

"நடுவுல உங்க ஊரு மொளகாயைப் பத்தியும் கொஞ்சம் சொன்னாரு."

அன்னபுஷ்பம் காலி இடத்தில் குந்தி உட்கார்ந்தாள். பலராமனும் குந்தினான். உடைந்த செங்கல் ஒன்றுகூட இல்லை. கல்லிலிருந்து சுரண்டி எடுத்த சேறு ஓரமாகக் குவித்து வைக்கப்பட்டிருந்தது. நடுவில் சின்னதாக ஒரு கறுப்பு வட்டம். விரலால் தொட்டு மோந்து பார்த்தான்.

"மேடம், கற்பூரம்!"

"பக்கத்துல பாரு."

அரை எலுமிச்சம்பழம், குங்குமத்தோடு.

"திருடறதுக்கு முன்னாடி பூஜை போட்டிருக்கான்! ரொம்ப நல்ல குடும்பத்துத் திருடன் மேடம்."

"எதிரின்னா கடப்பாரையால ரெண்டு இடி இடிச்சுட்டுப் போயிருப்பான். இவன் சுவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, ஒவ்வொரு கல்லா நோகாம எடுத்து, சேறு சுரண்டி, இடத்தையும் பெருக்கிட்டுப் போயிருக்கான். பழகின கை." அவள் கோதண்டராமனை நிமிர்ந்து பார்த்தாள். "டெஸ்ட் முடிஞ்சதும் இந்தச் சுவர்களை யார் பிரிப்பாங்க?"

"வாட்ச்மேன் நடேசன்தான். அதுக்குத்தானே சிமெண்ட்டு போடாம சேத்துல கட்டச் சொல்றது? அதே கல்லு அடுத்த டெஸ்ட்டுக்கு ஆவும். ஆனா நேத்து அவன்கிட்ட கண்டிப்பா சொல்லிட்டேன், பாஸ் போடாத சுவரு எதையும் தொடக் கூடாதுன்னு. சொன்ன பேச்சு தட்ட மாட்டான்."

"எங்க அவரு?"

"லீவு. சொந்தத்துல ஏதோ விசேஷமாம்."

அன்னபுஷ்பத்தின் வாயில் கமர்கட் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போனது. அது அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டதற்கு அடையாளம். பலராமனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவனிடம் தயாராக ஒரு சந்தேகம் இருந்தது.

"எட்டாம் நம்பர் சுவர் யாரோடது?"

"மண்ணூர் ஏசுதாஸு" என்றான் தசரதன். "நேத்து எனக்கும் அவனுக்கும் தண்ணி வாளிக்காக ஒரு சின்ன தகராறு."

"மாட்டினான்!" என்று பலராமன் துள்ளி எழுந்தான்.

ஏசுதாஸ் நெடுஞ்சாலையோர டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து டீயில் பன்னை நனைத்துக்கொண்டிருந்தான். தன் சுவரைப் பார்க்கும் முறை வரட்டும் என்று காத்திருந்தான் போல. பலராமன் கண்ணை இடுக்கினான். பெஞ்சின் ஒரு காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல், சுற்றிலும் சேறு சுரண்டிய பழுப்போடு ஒரு செங்கல். அதில் சூளைக்காரர் போட்ட நட்சத்திர முத்திரை. மில் களத்துக் கற்களிலும் அதே நட்சத்திரம்.

"அசையாதே! உனக்குக் கீழே சாட்சி இருக்கு!"

ஏசுதாஸ் பயந்து எழுந்தான். பெஞ்சுக்குக் கீழே பார்த்தான். "தேளா?"

"செங்கல்! மீதிக் கல்லெல்லாம் எங்கே?"

"யோவ், இன்னாய்யா நீ! கோழி கூவற நேரம் ஒரு டிராக்டரு போச்சு. பின்னாடி டப்பாவுல கல்லு. இந்தப் பள்ளத்துல எகிறிக் குதிச்சதுல ஒண்ணு வுழுந்துச்சு. டீக்கடைக்காரரு எடுத்து முட்டுக் குடுத்தாரு. ஒரு மாசமா ஆடிக்கினு இருந்த பெஞ்சு, இன்னிக்குத்தான் நேரா நிக்குது. உனக்கு அதுவும் பொறுக்கலியா?"

"யாரு டிராக்டர்?" என்றாள் அன்னபுஷ்பம்.

"வடக்குப்பட்டு டிராக்டருதான் அக்கா. பின்னாடி பெரிசா மயில் போட்டிருக்கும், தெரியாதா?"

தசரதன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "எங்க ஊரு டிராக்டரா? எங்க ஊர்லயே எனக்கு எதிரி கீறானா மேடம்?"

அன்னபுஷ்பம் அவன் தோளைத் தட்டினாள். "தசரதா, விருந்துக்கு என்ன சமையல்?"

"பிரியாணி மேடம். ஆட்டுக்கறி."

"முந்நூறு பேருக்குன்னா பெரிய அண்டா?"

"ரெண்டு அண்டா."

"அப்போ உடனே போகணும். பலராமா, அந்தக் கல்லை எடுத்துக்கோ. ஏசுதாஸ், நீ மில்லுக்கு ஓடு. ஏஜெண்ட்கிட்ட சொல்லு, சுவர் கிடைச்சுடுச்சு, ஆபீசரைக் காரில் போட்டுக்கிட்டு வடக்குப்பட்டுக்கு வரச் சொல்லு. வரமாட்டேன்னா காரமில்லாத பிரியாணின்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

கேஸ் நடக்கும்போது மேடத்துக்கு இப்படிப் பசி எடுத்து பலராமன் பார்த்ததேயில்லை. அவனுக்கும் பசிதான், ஆனால் அவனுக்கு எப்போதும் பசி. கல்லை உருவினான். பெஞ்சு சாய்ந்தது. பன் டீக்குள் போயிற்று. ஏசுதாஸ் மண்ணூர் மாதாவைக் கூப்பிட்டுச் சொன்ன சொற்களை மாதா கேட்டிருக்க மாட்டாள் என்று நம்புவோம்.

ஒரு லாம்ப்ரெட்டாவில் மூன்று பேரும் ஒரு செங்கல்லும். ஸ்ரீபெரும்புதூரில் வலது பக்கம் திரும்பி ஒரகடம் ரோட்டைப் பிடித்தார்கள். கல் பலராமனின் இரண்டு காலுக்கும் நடுவே இருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது அவன் கட்டைவிரலை விசாரித்தது.

"ஒரு சாட்சிக்கு இவ்வளவு கனம் ஆகாது மேடம்!"

"பத்திரமா வெச்சுக்கோ. அப்புறம் நீயே எனக்கு நன்றி சொல்லுவே."

வடக்குப்பட்டில் வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல், வாழைமரம், மைக் செட். முந்நூறு பேரும் முன்கூட்டியே வந்துவிட்டிருந்தார்கள். பிரியாணி என்றால் நம் ஜனங்களுக்கு நேரம் தவறாது. பந்தலுக்கு வெளியே மயில் படம் போட்ட டிராக்டர் சாதுவாக நின்றது.

தசரதனின் மாமியார் தாயாரம்மாள் கையில் நீளக் கரண்டியோடு ஓடி வந்தாள். "மாப்ள! விசா குடுத்துட்டாங்களா? இவங்கதான் மஸ்கட் ஆபீசரம்மாவா?"

தசரதன் பந்தல் வாழைமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"நான் அடுப்பைப் பாக்கணும்" என்றாள் அன்னபுஷ்பம்.

வீட்டுக்குப் பின்னால் புளியமரத்தடியில் இரண்டு கோட்டை அடுப்புகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு குழந்தையை உட்கார வைத்துக் குளிப்பாட்டலாம் போன்ற அண்டா. மூடி மேலே தணல். சேறு பூசிய இடைவெளியில் செங்கல் எட்டிப் பார்த்தது. பலராமன் தன் கல்லைப் பக்கத்தில் வைத்தான். இங்கே ஒரு நட்சத்திரம், அங்கே ஒரு நட்சத்திரம்.

அன்னபுஷ்பம் பையிலிருந்து ஒரு கமர்கட்டை எடுத்து, சூட்டுக்குக் கையை இழுத்துக்கொண்டே, அடுப்பின் மேல்விளிம்பில் வைத்தாள். உருண்டையான கமர்கட், வைத்த இடத்தில் நின்றது. இந்தப் பக்கமும் உருளவில்லை, அந்தப் பக்கமும் உருளவில்லை.

"பலராமா, சுவர் கிடைச்சுடுச்சு. வெந்துக்கிட்டு இருக்கு."

"இந்த அடுப்பை யாரும்மா கட்டினது?" என்று பலராமன் தாயாரம்மாளைக் கேட்டான். குரல் அவனுக்கே கீச்சென்று கேட்டது.

"வேற யாரு? எங்க மாப்ளதான். மஸ்கட்காரனுக்குக் கட்டப் போற கை, மொதல்ல மாமியாருக்கு ஒரு அடுப்பு கட்டட்டும்னு விடியக்காலைல கட்டச் சொன்னேன்."

தசரதன் கன்னத்தில் கை வைத்தான். "கல்லு கழுவி அடுக்கி வெச்சிருந்துச்சு மேடம். நான் கட்டினேன்."

"எங்கேருந்து வந்த கல்லுன்னு கேக்கலியா?"

"எங்க அத்தையைக் கேள்வி கேக்கற வழக்கம் எனக்கு இல்லீங்க மேடம்."

சேறும் கரியும் எங்கிருந்து அவன் கைக்கு வந்தன என்று பலராமனுக்கு இப்போது விளங்கியது. தன் சுவரைத் தானே வேறு உருவத்தில் கட்டிவிட்டு, அதைக் காணோம் என்று அழுதுகொண்டு ஓடி வந்த ஒரே ஆள் இந்த உலகத்திலேயே இவன்தான். சிரிக்கலாம் என்று நினைப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

கோதண்டராமன் அடுப்பைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். தசரதனைப் பார்த்தார். "பாத்தீங்களா! ஆபீசர் சொன்னது சரியாப் போச்சு. கோணலா கட்டிட்டு, ராவோட ராவா பிரிச்சுக் கொண்டாந்து வூட்டுல அடுப்பாக்கிட்டான்! கையும் களவுமா மாட்டிக்கினான்!"

ஹபீப் தலையை ஆட்டினார். பையிலிருந்த பேனாவை எடுத்தார். ஃபெயில் என்று எழுத அதிக நேரம் ஆகாது.

பந்தலிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து பின்பக்கம் வர ஆரம்பித்தார்கள். தசரதன் பயந்தது அப்படியே நடந்தது. பலராமனுக்கு அவனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. கிண்டல் செய்ய வாய் வரவில்லை, அது அவனுக்கு அபூர்வம்.

"வாட்ச்மேன் நடேசன் இங்கே இருக்காரா?" என்று அன்னபுஷ்பம் சத்தமாகக் கேட்டாள்.

தயிர்ப் பச்சடி வாளியோடு ஒருவர் கூட்டத்துக்குள்ளிருந்து வந்தார். காக்கி டிராயருக்கு மேலே விசேஷத்துக்காக ஒரு பட்டுத் துண்டு.

"நான்தாம்மா. தாயாரம்மா எனக்குக் கூடப் பொறந்த அக்கா."

"சுவர்கிட்ட கற்பூரம் காட்டினது நீங்கதானே?"

"பின்ன? கட்டினதைப் பிரிக்கிறது பாவமில்லியா? ஒவ்வொரு தபாவும் காட்டுவேன்."

கோதண்டராமன் குதித்தார். "யோவ், பாஸ் போடாததைத் தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேய்யா!"

"சொன்னீங்க. நானும் தொடலியே" என்றார் நடேசன், மிகவும் நியாயமாக. "கேட்டுல மாப்ள வாயாலயே சொன்னாரு, மாமா நான் பாஸுன்னு. பாஸான சுவரு பிரிக்கிற சுவருதானே? அக்கா அடுப்புக்குக் கல்லு கேட்டிருந்துச்சு. அடுத்தவன் சுவத்துல கைய வெச்சா சண்டைக்கு வருவான், பாவம், எவன் பொழைப்போ. நம்ம வூட்டுப் புள்ள சுவரு, யாரு கேக்கப் போறாங்க? அதான் தேடிப் புடிச்சு ஏழையே எடுத்தேன்."

அன்னபுஷ்பம் தசரதனைப் பார்த்தாள். "உன் சுவரைத் திருடினது உன் வாய்தான்யா."

கோதண்டராமன் இதையெல்லாம் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. அக்கா, தம்பி, கற்பூரம், அடுப்பு என்று சொல்லி, கையைக் குவித்து அடுப்பு ஊதிக் காட்டினார். ஹபீப் முதலில் நெற்றியைச் சுருக்கினார். அப்புறம் மூக்கைச் சுருக்கினார். அண்டா மூடியின் ஓரத்திலிருந்து வந்த ஆவி அவரை நேராகப் போய்த் தேடிப் பிடித்திருந்தது. மூன்று நாள் வாழைப்பழம் சாப்பிட்ட மனிதர்.

அவர் பெட்டியைத் திறந்து ரசமட்டத்தை எடுத்தார். அடுப்பின் மேல்விளிம்பில் வைத்தார். குமிழி ஓடி வந்து நட்டநடுவில் நின்றது. அடுத்த அடுப்பிலும் நட்டநடுவே.

"மேல்மட்டம் நல்லாத்தான் இருக்குன்றாரு" என்றார் கோதண்டராமன். "ஆனா அடுப்புல மூலை எங்கேன்றாரு. மூலையைத் தூக்குக்குண்டு வெச்சுப் பாத்தாத்தான் கொத்தனார் விசா. இந்தக் கல்லையே பிரிச்சு, தன் கண்ணு முன்னாடி மூலை கட்டினா பாக்கறேன்றாரு. ஆனா உடனே கட்டணும், ப்ளேனுக்கு நேரமாச்சு."

தசரதன் கரணையை எடுத்தான். அடுப்பருகே தாயாரம்மாள் நீளக் கரண்டியோடு குறுக்கே நின்றாள்.

"தம் போட்டிருக்கு. தம் போட்ட அண்டாவை எவனாச்சும் அசைச்சீங்க, அப்பறம் நடக்கறதே வேற."

"அத்தை, விசா!"

"பிரியாணி கொழைஞ்சு போனா முந்நூறு பேருக்கு நான் இன்னா விசாவையா போடறது?"

மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. அந்தக் கரண்டியை நீட்டிய விதம் எல்லா மொழியிலும் புரியும். ஹபீப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். மறுபடியும் கைக்கடிகாரம். பிறகு அதைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பந்தலில் இருந்த ஒரு நாற்காலியைத் தானே தூக்கிவந்து அடுப்புக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

தம் உடைந்தபோது ஊரே ஒரு பெருமூச்சு விட்டது. அண்டாக்கள் இறங்கின. உடனே நடேசன் வழக்கம்போல ஒரு கற்பூரத்தைக் கொளுத்திவிட்டு அடுப்பைப் பிரிக்க ஆரம்பித்தார். கல் நெருப்பாகக் கொதித்தது. பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஆவி புளியமரத்தின் உச்சிவரை போனது. பட்டு வேட்டிக்காரர்கள் சாக்கைச் சுற்றிக்கொண்டு கல் கடத்தினார்கள். கறுத்துப் போன கற்கள் கைமாறிக் கைமாறி வந்து சேர, தசரதன் நூல் பிடித்து வரிசை வரிசையாகக் கட்டினான். முகம் முழுக்கக் கரி. அவன் யாரையும் பார்க்கவில்லை, மூலையை மட்டும் பார்த்தான்.

பக்கத்திலேயே ஹபீப் வாழையிலையோடு உட்கார்ந்திருந்தார். காரம் குறைத்து தாயாரம்மாளே பரிமாறினாள். ஸ்ரீபெரும்புதூர் பாய் கையால் அறுத்த ஆடு என்று சொல்லிச் சொல்லிப் போட்டாள். அவருக்கு ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கை தூக்குக்குண்டு, ஒரு கை பிரியாணி. இரண்டாவது தடவை இலையை நிரப்பியபோது அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. மூன்றாவது தடவையும் சொல்லவில்லை.

கடைசி வரிசை. கடைசி மூலை. தசரதன் கையை நீட்டினான். கையில் ஒன்றும் வந்து விழவில்லை.

"கல்லு!"

"தீந்துபோச்சு மாப்ள!" என்றார் நடேசன்.

ஹபீப் மெல்லுவதை நிறுத்தினார். உச்சி மூலையில் ஒரே ஒரு கல்லுக்கு இடம் காலியாக இருந்தது. மூலைக் கல் இல்லாத மூலைச் சுவர். ஊரே வாயைப் பிளந்து நின்றது.

அன்னபுஷ்பம் மட்டும் பந்தியின் கோடியைப் பார்த்தாள். இடம் கிடைக்காத பலராமன் அங்கே தரையில் எதன் மேலேயோ சௌகரியமாக உட்கார்ந்து, கண்ணை மூடி ஒரு எலும்பைக் கவனித்துக்கொண்டிருந்தான்.

"பலராமா! எழுந்திரு! சாட்சியைக் கொண்டா!"

அவன் ஓடி வந்த வேகத்தில் இலை ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம் பறந்தது. கரி படிந்த சுவரின் உச்சியில், அடுப்பில் வேகாத அந்த ஒற்றைச் செங்கல் சிவப்பாக உட்கார்ந்தது. தசரதன் கரணைப் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினான்.

ஹபீப் கையைக் கழுவிவிட்டு வந்தார். ரசமட்டம். குமிழி நடுவில். தூக்குக்குண்டு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நூல் சுவரைவிட்டு விலகவில்லை. கடைசியில் அவர் அன்னபுஷ்பத்தின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். அவளுக்குப் புரிந்தது. ஒரு கமர்கட்டைக் கொடுத்தாள். அதை அந்தச் சிவப்புக் கல்லின் மேல் வைத்தார். உருளவில்லை. எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"பாஸ்" என்றார், தமிழ் தெரியாத அந்த மனிதர், ஊருக்கே புரியும்படி.

மைக் செட் அலறியது. ஹபீப்பின் காரிலேயே வந்திருந்த ஏசுதாஸ்கூடத் தசரதனைக் கட்டிப்பிடித்தான். அவனுடைய எட்டாம் நம்பர் சுவரை மீனம்பாக்கம் போவதற்கு முன்னால் பார்த்துக்கொள்வதாக ஹபீப் ஒத்துக்கொண்டிருந்தார். கூடவே பன்னுக்கு நஷ்டஈடாக ஒரு இலைப் பிரியாணியும் அவனுக்குக் கிடைத்திருந்தது.

கார் கிளம்பிப் புழுதி அடங்கியதும் தசரதன் மாமியாருக்கு முன்னால் வந்து நின்றான்.

"அத்தை, நேத்து நான் பாஸாவல. பொய் சொல்லிட்டேன். இன்னிக்குத்தான் பாஸானேன்."

"தெரியும் மாப்ள."

"தெரியுமா?"

"நேத்து பாஸுன்னு சொல்லும்போது தரையைப் பாத்துக்கினு சொன்னீங்க. என் பொண்ணைக் கட்டிக்க சம்மதம்னு சொன்னப்ப என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னீங்க. வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

"தெரிஞ்சுமா அத்தை விருந்தை நிறுத்தல?"

தாயாரம்மாள் முந்தானையால் அவன் நெற்றிக் கரியைத் துடைத்தாள். "நேத்து ஆவலேன்னா இன்னிக்கு ஆவீங்க. இன்னிக்கு ஆவலேன்னா இன்னொரு நாளு. நீங்க ஆவ மாட்டீங்கன்னு எனக்கு ஒரு நாளும் தோணல மாப்ள. அதனாலதான் போன வாரமே ஊரை அழைச்சேன்."

தசரதனுக்கு அழுகை வந்துவிட்டது. பலராமனுக்கும் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. புகை என்று மேடத்திடம் சொல்லிக்கொண்டான். அன்னபுஷ்பம் பையிலிருந்து அவனுக்கு ஒரு கமர்கட் கொடுத்தாள். அவள் கமர்கட்டை அவனோடு பங்கு போட்டது அதுதான் முதல் தடவை.

தாயாரம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, புளியமரத்தடியில் கம்பீரமாக நின்ற மூலைச் சுவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது சரி மாப்ள. சாயங்காலப் பந்திக்கு ரசம் வெக்கணும். அந்தச் சுவரு இன்னும் உங்களுக்கு வேணுமா?"

தசரதன் சாலையைப் பார்த்தான். கார் கண்ணுக்கு மறைந்துவிட்டிருந்தது.

"வேணாம் அத்தை" என்றான்.

நடேசன் மடியிலிருந்து கற்பூரத்தை எடுத்தார்.